வில்லின் நாணும் உடலின் நாணும்: மூட்டுகளைப் பற்றிய அறிவின் வரலாறு

மனிதன் தன் விரலை அசைக்கிறான்; எண்ணம் எழுந்த கணத்திலேயே எலும்பு நகர்கிறது. எண்ணம் கண்ணுக்குப் புலப்படாதது, எலும்போ கல் போன்றது. இவ்விரண்டுக்கும் நடுவில் நின்று ஒன்றை மற்றொன்றுக்குக் கீழ்ப்படியச் செய்வது எது? எளிய கேள்வி போலத் தோன்றும் இதற்குச் சரியான விடை காண மனித குலத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த நெடும்பயணத்தின் நடுப்பகுதியை அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் கடந்தனர். அவர்கள் எதைப் பெற்றார்கள், எதைச் சேர்த்தார்கள், எங்கே தவறினார்கள், எங்கே தம் ஆசிரியரையே மறுத்தார்கள் என்பதை ஒளிவு மறைவின்றி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இன்றைய உடற்கூற்றியல் கூறும் விடையை முதலில் சுருக்கமாகக் கண்டுகொள்வோம். எலும்பும் எலும்பும் சந்திக்கும் இடம் மூட்டு. அவ்விரண்டையும் விலகிவிடாமல் கட்டி வைப்பது தசைநார். தசையின் முனையை எலும்போடு இணைப்பது தசைநாண். எலும்பின் முனைகளை உராய்விலிருந்து காப்பது குருத்தெலும்பு. அசையும் மூட்டுகளில் இவற்றுக்கிடையே சைனோவியல் திரவம் எண்ணெய் போல் நின்று உதவுகிறது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்வது நரம்பு. தசை சுருங்குகிறது, நாண் இழுக்கிறது, எலும்பு மூட்டைச் சுற்றித் திரும்புகிறது. தசைக்கு இழுக்க மட்டுமே தெரியும், தள்ளத் தெரியாது. ஆகவேதான் முழங்கையை மடக்க ஒரு தசையும் நீட்ட மற்றொரு தசையும் எதிரெதிராக அமைந்துள்ளன.

சொற்களில் உறைந்த வரலாறு

ஒரு துறையின் வரலாற்றை அதன் சொற்களே பல நேரங்களில் நமக்குச் சொல்லிவிடும். மூட்டுக்கு அரபு மொழியில் ‘மஃப்ஸில்’ என்று பெயர்; பன்மையில் ‘மஃபாஸில்’. ‘ஃபஸ்ல்’, அதாவது பிரித்தல் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. எலும்புகள் பிரியும் இடத்தைப் பார்த்து அரபு மொழி பெயரிட்டது. தமிழோ, மூட்டுதல் என்னும் வினையிலிருந்து, இணையும் இடத்தைப் பார்த்துப் பெயரிட்டது. ஒரே இடத்தை இரு மொழிகள் இரு பக்கமிருந்து நோக்கியுள்ளன. இரண்டும் உண்மையே, பிரிவு இல்லையேல் அசைவில்லை, பிணைப்பு இல்லையேல் வலிமையில்லை.

தசைநார் ‘ரிபாத்’ எனப்பட்டது. கட்டுதல் என்னும் பொருளுடைய வேர் அது. ‘ராபிதா’ என்னும் சொல்லை அறிந்த வாசகர்களுக்கு இவ்வேர் புதிதன்று. தசைநாணுக்கு ‘வதர்’ என்று பெயர். வில்லின் நாணையும் இசைக்கருவியின் தந்தியையும் குறிக்கும் அதே சொல்தான் உடலின் நாணையும் குறித்தது. தமிழிலும் நாண் என்பது வில்லின் கயிறே. பண்டைத் தமிழில் யாழின் தந்தி ‘நரம்பு’ எனப்பட்டது. இழுத்துக் கட்டப்பட்ட, அதிரும் கயிறு என்னும் ஒரே உருவகம் இரு மொழிகளிலும் உடலுக்குள் நுழைந்திருப்பது வியப்புக்குரியது.

ஆனால் இந்த உருவகத்தில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருந்தது. வெண்மையாகவும் கயிறு போலவும் இருப்பவை அனைத்தும் ஒன்றே என்னும் மயக்கம் அது. நம் பேச்சு வழக்கில் இன்றும் இரத்தக் குழாய், உணர்வு நரம்பு, தசைநாண் மூன்றுக்கும் ‘நரம்பு’ என்றே சொல்கிறோம். பண்டைய கிரேக்கர்கள் ‘நியூரான்’ என்னும் ஒரே சொல்லால் நாணையும் நரம்பையும் குறித்தனர். அரபு மொழியின் ‘அஸப்’ என்னும் சொல்லுக்கும் இதே நிலை இருந்தது. யுனானி மருத்துவத்தில் தொடை நரம்பு வலிக்கு வழங்கும் ‘இர்குன் நஸா’ என்னும் பெயரில் ‘இர்க்’ என்பது இரத்தக் குழாயைக் குறிக்கும் சொல். பெயர் மயங்கினால் பொருள் மயங்கும். பொருள் மயங்கினால் சிகிச்சை தவறும். மூட்டியலின் வரலாறு ஒருவகையில் இந்த மயக்கத்திலிருந்து விடுபட்ட வரலாறேயாகும்.

ஜாலீனூஸ் தந்த விடை

அரபு மருத்துவர்களால் ‘ஜாலீனூஸ்’ என்றழைக்கப்பட்ட கேலன் கி.பி. 129-ஆம் ஆண்டு ஆசியா மைனரின் பெர்கமோன் நகரில் பிறந்தவர். இளமையில் அந்நகரின் வாள்வீரர்களுக்கு மருத்துவராகப் பணியாற்றினார். கிழிந்த தசைகளையும் வெளியே தெரியும் நாண்களையும் பிசகிய மூட்டுகளையும் அவர் நேரில் கண்டது அங்கேதான். மனித உடலை அறுத்துப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. எனவே வாலில்லாக் குரங்குகள், பன்றிகள், ஆடுகள், மாடுகள் ஆகியவற்றை அறுத்து ஆராய்ந்தார்.

நரம்பை வெட்டினால் அது செல்லும் தசை செயலிழப்பதை அவர் சோதனை மூலம் காட்டினார். எனவே அசைவின் ஆணை மூளையிலிருந்து நரம்பு வழியே வருகிறது என்பதில் அவருக்கு ஐயமில்லை. எதிரெதிர்த் தசைகள் இணைந்து இயங்குவதையும் அவர் அறிந்திருந்தார். எஞ்சியிருந்தது ஒரே கேள்வி: மென்மையான நரம்பின் ஆற்றல் கடினமான எலும்பை எவ்வாறு எட்டுகிறது?

அவர் தந்த விடை இது: நரம்பு தசைக்குள் நுழைந்து நுண்ணிய இழைகளாகப் பிரிகிறது. எலும்பிலிருந்து முளைக்கும் நார்ப்பொருளும் அவ்வாறே இழைகளாகப் பிரிந்து அதனுடன் பின்னிக்கொள்கிறது. இடைவெளிகளைச் சதை நிரப்புகிறது. தசையின் மறுமுனையில் இவ்விரு வகை இழைகளும் மீண்டும் ஒன்றுதிரண்டு தசைநாணாக வெளிவருகின்றன. ஆகவே தசைநாண் என்பது பாதி நரம்பு, பாதி நார். நரம்பின் பங்கால் அது ஆணையை உணர்கிறது. நாரின் பங்கால் வலிமை பெறுகிறது.

தருக்க அழகு மிக்க விடைதான். ஆனால் தவறான விடை. நரம்பு தசையோடு முடிந்துவிடுகிறது, நாணாக மாறுவதில்லை என்பதை இன்று நாம் அறிவோம். எனினும் இத்தவறு ஒன்றரை ஆயிரம் ஆண்டுகள் நிலைத்து நின்றது. அறிவு மிக்கவர்கள் பலர் அதை ஏற்றதற்குக் காரணம், வேறெந்த விடையும் அத்தனை கேள்விகளுக்கு ஒருங்கே பதில் சொல்லவில்லை என்பதே.

பக்தாதின் மொழிபெயர்ப்பு மேசை

ஜாலீனூஸின் நூல்கள் அரபு உலகை அடைந்ததில் முதன்மையான பங்கு ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் அறிஞருக்கு உரியது. ஹீரா நகரத்தைச் சேர்ந்த இந்த நெஸ்டோரியக் கிறிஸ்தவர், அப்பாஸிய கலீஃபாக்களின் பக்தாதில் வாழ்ந்து ஹி. 260 (கி.பி. 873) அளவில் மறைந்தார். ஜாலீனூஸின் 129 நூல்களைப் பற்றி, அவை யாரால் எந்த மொழியில் பெயர்க்கப்பட்டன என்ற விவரங்களோடு அவர் எழுதிய பட்டியல் இன்றும் கிடைக்கிறது. ஒரே நூலின் பல கிரேக்கப் பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, திருத்திய பின்னரே மொழிபெயர்ப்பைத் தொடங்குவது அவர் வழக்கம். அவருடைய சகோதரி மகன் ஹுபைஷ் இப்பணியில் அவருக்கு வலக்கரமாக விளங்கினார்.

இப்பணியின் பயனை உணர்த்த ஓர் எடுத்துக்காட்டு போதும். உடலை அறுத்து ஆராயும் முறைகளைப் பற்றி ஜாலீனூஸ் 15 பகுதிகளில் ஒரு பெருநூல் எழுதினார். அதன் 9-ஆம் பகுதியின் நடுவிலிருந்து இறுதி வரையிலான கிரேக்க மூலம் அழிந்துபோயிற்று. அரபு மொழிபெயர்ப்பில் மட்டும் நூல் முழுமையாகப் பிழைத்திருந்தது. 1906-ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் சைமன் அந்த அரபுப் பகுதிகளைப் பதிப்பித்தபோதுதான் ஐரோப்பா தன் பழைய ஆசிரியரின் இழந்த பக்கங்களை மீண்டும் படித்தது.

மொழிபெயர்ப்பு என்பது வெறும் காவல் பணி அன்று. கிரேக்கச் சொல் ஒன்று பல பொருள் தரும் இடங்களில், அரபு மருத்துவர்கள் எலும்புக்கு ‘அள்ம்’, குருத்தெலும்புக்கு ‘குள்ரூஃப்’, நரம்புக்கு ‘அஸப்’, நாணுக்கு ‘வதர்’, நாருக்கு ‘ரிபாத்’, தசைக்கு ‘அளலா’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லை வரையறுத்தனர். உறுப்புகளைத் தனித்தனியே எண்ணத் தொடங்குவதற்கு முன் அவற்றைத் தனித்தனியே அழைக்கத் தெரிய வேண்டும். அந்தத் தெளிவை அவர்கள் உண்டாக்கினர்.

கானூன் காட்டும் மூட்டுகள்

இத்தெளிவின் உச்சத்தை இப்னு ஸீனாவின் ‘அல் கானூன் ஃபித் திப்’ என்னும் பெருநூலில் காணலாம். ஹி. 370 (கி.பி. 980) அளவில் புகாராவுக்கு அருகில் பிறந்து, ஹி. 428-இல் (கி.பி. 1037) ஹமதானில் மறைந்த அவ்வறிஞர், ஐந்து பகுதிகளைக் கொண்ட அந்நூலின் முதற்பகுதியிலேயே எலும்பு, தசை, நரம்பு, இரத்தக் குழாய்கள் ஆகியவற்றின் அமைப்பை வரிசைப்படுத்துகிறார்.

எங்கு வெட்டினாலும் ஒரே தன்மையுடன் இருக்கும் உறுப்புகளை அவர் ஒரு வகையாக்குகிறார். அவ்வரிசையில் எலும்பு முதலில் வருகிறது. உடலின் அடித்தளம் அதுவே என்பதால். அடுத்தது குருத்தெலும்பு. கடினமானதும் மென்மையானதும் நேரடியாக மோதினால் மென்மையானது சிதையும். எனவே இடையில் நடுத்தர இயல்புடைய ஒன்று தேவை என்று அவர் காரணம் கூறுகிறார். பின்னர் நரம்பு, நாண், நார் என வரிசை தொடர்கிறது. நாண் தசையின் முனையிலிருந்து புறப்பட்டு அசையும் உறுப்பை அடைகிறது. தசை சுருங்கும்போது அதனுடன் பின்வாங்கி உறுப்பை இழுக்கிறது, தசை தளரும்போது உறுப்பை விடுவிக்கிறது என்று அவர் தரும் விளக்கத்தில், ஒரு சொல்லையும் மாற்றாமல் இன்றைய பள்ளிப் பாடநூலில் சேர்க்கத்தக்க தெளிவு உள்ளது. எலும்பிலிருந்து எலும்புக்குச் செல்லும் நாருக்கு உணர்வில்லை என்றும், இடைவிடாத அசைவிலும் உராய்விலும் அது வலியுறாமல் இருக்கவே அவ்வாறு அமைந்தது என்றும் அவர் எழுதுகிறார்.

மூட்டுகளை அவர் மூன்றாகப் பிரித்தார். முன்கையும் மணிக்கட்டும் சேருமிடம் போல் எளிதில் அசைபவை ஒன்று. மணிக்கட்டும் உள்ளங்கை எலும்புகளும் சேருமிடம் போல் சிறிதே அசைபவை மற்றொன்று. மார்பெலும்பின் பகுதிகள் போல் அசைவின்றிப் பொருந்தியவை மூன்றாவது. அசையாத மூட்டுகளிலும், மண்டையோட்டில் ரம்பப் பற்கள் கோத்தது போன்ற பொருத்தம், தாடையில் பல் பதிந்திருப்பது போன்ற பொருத்தம், ஒட்டிக்கொண்டது போன்ற பொருத்தம் என்று உட்பிரிவுகள் செய்தார். முற்றிலும் அசைபவை, சிறிதளவு அசைபவை, அசையாதவை என்னும் இன்றைய பகுப்பும் இதே தளத்தில்தான் நிற்கிறது.

எனினும் தசைநாணின் தோற்றத்தைப் பற்றி அவர் ஜாலீனூஸைக் கடந்து செல்லவில்லை. நுண்ணிய நரம்பு நேரடியாக எலும்போடு சேர்வது பொருந்தாது. ஆகவே இறைவன் எலும்பிலிருந்து நரம்பு போன்ற ஒரு பொருளை முளைக்கச் செய்து, இரண்டையும் ஒன்றாகப் பின்னினான் என்று அவர் விளக்குகிறார். எலும்புகள் 248 என்றும் தசைகள் 529 என்றும் அவர் கணக்கிட்டார். எள் போன்ற சிற்றெலும்புகளையும் நாக்கின் அடியிலுள்ள எலும்பையும் அந்த 248-இல் அவர் சேர்க்கவில்லை. வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள் என்பது இன்றைய கணக்கு. வேறுபாட்டுக்குக் காரணம், ஒட்டிப்போன எலும்புகளை ஒன்றாக எண்ணுவதா பலவாக எண்ணுவதா என்பதிலும், பழைய நூல்களின் மரபை ஏற்றதிலும் இருக்கிறது.

குர்துபாவின் அறுவை மருத்துவர்

கிழக்கே ஏடுகளில் உறுப்புகள் வரிசை பெற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், மேற்கே அந்தலூஸில் ஒருவர் பிசகிய மூட்டுகளைக் கைகளால் சரிசெய்துகொண்டிருந்தார். குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவைச் சேர்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி ஹி. 404 (கி.பி. 1013) அளவில் மறைந்தார். அவருடைய ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி முழுவதும் அறுவை மருத்துவம். அதன் மூன்று பிரிவுகளில் மூன்றாவது, எலும்பு முறிவும் மூட்டு விலகலும் பற்றியது. தாடை, தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், முதுகெலும்பு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டும் எவ்வாறு விலகும், அதை எவ்வாறு மீட்டு அமர்த்துவது, எவ்வாறு கட்டுவது என்று அவர் விவரிக்கிறார். விலகிய மூட்டை வீக்கம் கொள்வதற்கு முன் விரைந்து சேர்க்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறார்.

அறுவைப் பகுதியின் முன்னுரையில் அவர் எழுப்பும் குரல் நூற்றாண்டுகளைக் கடந்து ஒலிக்கிறது. உடற்கூற்றைக் கல்லாதவன் கத்தியைத் தொடலாகாது என்கிறார். கழுத்துக் கட்டியை அறுக்க முனைந்த ஒருவன் தமனியை வெட்டிவிட, பெண்ணொருத்தி குருதி பெருகி அவன் கண் முன்னே இறந்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். நரம்பு எது, நாண் எது, இரத்தக் குழாய் எது என்று பிரித்தறிவது அவருக்கு ஏட்டு விவாதமன்று. உயிர் காக்கும் கடமை.

கிரிமோனாவின் ஜெரார்டு (இறப்பு 1187) தொலேதோவில் இருந்து கொண்டு கானூனையும் ஸஹ்ராவியின் அறுவைப் பகுதியையும் இலத்தீனில் பெயர்த்தார். ‘வதர்’ அங்கே ‘கோர்டா’, அதாவது கயிறு ஆயிற்று. முதுகுத் தண்டைக் குறித்த ‘நுகாஅ’ என்னும் அரபுச் சொல் ‘நூக்கா’ என்று இலத்தீனில் நுழைந்து, காலப்போக்கில் பிடரியைக் குறிக்கலாயிற்று. பிடரியிலுள்ள தசைநாரை உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் இன்றும் ‘லிகமென்டம் நூக்கே’ என்றே படிக்கிறார்கள். தாங்கள் ஓர் அரபுச் சொல்லை உச்சரிப்பதை அவர்களில் பெரும்பாலோர் அறியார்.

அல்மக்ஸ் குன்றின் சாட்சியம்

இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் உலுக்கும் இடம் எகிப்தில் இருக்கிறது. ஹி. 597, 598 (கி.பி. 1200–1202) ஆண்டுகளில் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பெரும் பஞ்சமும் அதைத் தொடர்ந்து கொள்ளை நோயும் எகிப்தைச் சூறையாடின. அப்போது கெய்ரோவில் மருத்துவம் கற்பித்துக்கொண்டிருந்தவர் அப்துல் லத்தீஃப் அல் பக்தாதி (கி.பி. 1162–1231). தாம் கண்டவற்றை ‘அல் இஃபாதா வல் இஃதிபார்’ என்னும் நூலில் அவர் பதிவு செய்தார்.

அவரிடம் பயின்ற மாணவர்களுக்கு ஜாலீனூஸின் உடற்கூற்று நூல் புரியவில்லை. சொல்லால் விளக்குவதற்கும் கண்ணால் காண்பதற்கும் உள்ள இடைவெளியே அதற்குக் காரணம். அல்மக்ஸ் என்னுமிடத்தில் பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புகள் குன்றாகக் குவிந்து கிடப்பதாக அறிந்து அவர்கள் அங்கே சென்றனர். இருபதாயிரம் பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் எச்சங்கள் அங்கே கிடந்ததாக அவர் மதிப்பிடுகிறார். எலும்புகளின் வடிவத்தையும் மூட்டுகளையும் அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தையும் கூர்ந்து நோக்கியதில், நூல்கள் தராத அறிவு கிட்டியதாக அவர் எழுதுகிறார்.

கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது. அவை முகவாயில் உறுதியான மூட்டால் இணைந்துள்ளன என்பது ஜாலீனூஸின் கூற்று. அனைவரும் அதையே ஏற்றிருந்தனர். அல் பக்தாதி தாமும் பார்த்தார்; மற்றவர்களையும் தனித்தனியே பார்க்கச் செய்தார். 2,000-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தும் எந்தத் தாடையிலும் மூட்டோ பொருத்தோ தென்படவில்லை. அத்துடன் நிறைவடையாமல், பூஸீர் என்னும் ஊரின் பழைய புதைகுழிகளுக்கும் சென்றார். மறைவான மூட்டு ஏதேனும் இருந்திருந்தால் நெடுங்காலம் அதைப் பிரித்துக் காட்டியிருக்கும். அங்கும் தாடை ஒரே எலும்பாகவே இருந்தது. ஜாலீனூஸின் நுட்பத்தை அவர் பெரிதும் மதித்தவர். ஆயினும் புலன்களின் சாட்சியம் அவருடைய சாட்சியத்தைவிட நம்பத்தக்கது என்று தீர்ப்பளித்தார்.

இதைவிடப் போற்றத்தக்கது அடுத்து அவர் எழுதியது. முதுகெலும்பின் அடியிலுள்ள எலும்பும் ஆறு துண்டுகள் என்று ஜாலீனூஸ் கூறியிருந்தார். தாம் கண்டவற்றில் அது ஒன்றாகவே இருந்தது என்றாலும் ஓர் உடலில் துண்டுகளாகவும் கண்டதாக ஒப்புக்கொள்கிறார். தாடை குறித்துத் தமக்குள்ள உறுதி இதில் தமக்கில்லை என்று வெளிப்படையாக எழுதுகிறார். தன் கண்டுபிடிப்பின் எல்லையைத் தானே வரையறுக்கும் இந்த அடக்கமே அறிவியல் மனப்பான்மையின் உயிர்நாடி.

இன்றைய அறிவு இருவரையும் புரிந்துகொள்ள உதவுகிறது. பிறந்த குழந்தையின் கீழ்த்தாடை உண்மையில் இரு பாதிகளாகவே இருக்கும். முதலாண்டில் அவை ஒன்றிவிடும். ஜாலீனூஸ் அறுத்த விலங்குகளில் ஆடு, மாடு போன்றவற்றுக்கு அவை வாழ்நாள் முழுதும் பிரிந்தே இருப்பதுண்டு. அவ்வாறே, முதுகின் அடியிலுள்ள திருவெலும்பு இளமையில் தனித்தனி முள்ளெலும்புகளாக இருந்து வளர்ந்த பின்னரே ஒன்றுசேர்கிறது. அல் பக்தாதி காட்டிய தயக்கம் நியாயமானதே.

வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றும் உண்டு. இத்திருத்தம் மருத்துவ நூலில் அல்லாமல் எகிப்து நாட்டைப் பற்றிய நூலில் இடம்பெற்றமையால், மருத்துவக் கல்வியில் அது உரிய இடத்தைப் பெறவில்லை. 1810-இல் சில்வெஸ்டர் தெ சாஸி அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, 1543-இல் பாஸல் நகரில் வெளிவந்த தம் பெருநூலில், மனித உடல்களைத் தம் கையாலேயே அறுத்துப் பார்த்த வெஸாலியஸ் இதே முடிவை எட்டிவிட்டார். அவரும் அரபு மரபுக்கு அந்நியர் அல்லர். 1537-இல் அவர் வெளியிட்ட நூல் அர்ராஸியின் மருத்துவ நூற்பகுதி ஒன்றின் மறுஆக்கமே. ஓர் உண்மையைக் கண்டறிதல் ஒன்று. அதைக் கற்பிக்கும் நிறுவனத்தில் நிலைபெறச் செய்தல் மற்றொன்று. முன்னதில் நம் முன்னோர் வென்றார்கள். பின்னதில் தவறினார்கள்.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஷீராஸைச் சேர்ந்த மன்ஸூர் இப்னு இல்யாஸ், தைமூரின் பேரரான பீர் முஹம்மதுக்குக் காணிக்கையாக்கிய பாரசீக நூலில் எலும்பு, நரம்பு, தசை, இரத்தக் குழாய்களை முழுப்பக்கப் படங்களாக வரைந்து தந்தார். படம் கண்ணுக்கு விருந்தளித்தது. ஆனால் கண்ணால் கண்டு திருத்தும் மரபு அதனுடன் வளரவில்லை.

அச்சம் நீங்கிய கதை

தசைநாணில் நரம்பு கலந்துள்ளது என்ற கொள்கை ஏட்டளவில் நின்றிருந்தால் கேடில்லை. நாணை ஊசியால் குத்தினால் வலிப்பு வந்து நோயாளி மாய்வான் என்ற அச்சம் அதிலிருந்து பிறந்தது. அறுந்த நாணைத் தைப்பதற்கு மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் தயங்கினர். ஒரு தவறான விளக்கத்துக்கு, விரல் மடக்க இயலாமற்போன எத்தனையோ உழைப்பாளிகள் விலை கொடுத்திருப்பர்.

1752-இல் கோட்டிங்கென் நகரில் ஆல்பிரெக்ட் ஃபான் ஹாலர், விலங்குகளின் நாண்களைக் குத்தியும் வெட்டியும் சுட்டும் பார்த்து, அவை வலியை உணர்வதில்லை என்று அறிவித்தார். பழைய கொள்கை அதனுடன் சரிந்தது. ஆனால் ஹாலரின் விடையும் முற்றுப்புள்ளி ஆகவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி, நாண்களில் இழுவிசையை உணரும் நுண்ணிய நரம்பு முனைகளைக் கண்டறிந்தார். தசைநார்களிலும் அத்தகைய உணர்விகள் உள்ளன. கண்ணை மூடிக்கொண்டும் நம் கை எங்கிருக்கிறது என்று நாம் அறிவது இவற்றாலும்தான். நாருக்கு உணர்வில்லை என்ற இப்னு ஸீனாவின் கூற்றும் இவ்வாறு திருத்தம் பெற்றது.

இதற்கிடையில் இத்தாலியின் பொரெல்லி, அவர் மறைந்த பின் 1680–81-இல் வெளிவந்த நூலில், எலும்புகளை நெம்புகோல்களாகக் கணக்கிட்டார். முழங்கையை மடக்கும் தசையின் நாண் மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில் எலும்பைப் பற்றுகிறது. கையிலுள்ள சுமையோ 32 செ.மீ. தொலைவில் இருக்கிறது என்று கொள்வோம். ஒரு கிலோ சுமையைத் தாங்கத் தசை எட்டு கிலோவுக்கு ஈடான விசையுடன் இழுக்க வேண்டும். வலிமையை இழந்து விரைவையும் வீச்சையும் பெறும் அமைப்பு இது. அத்தனை விசையையும் தாங்குவது பென்சில் பருமன்கூட இல்லாத ஒரு நாண்.

நாணின் உட்கட்டமைப்பும் சென்னையும்

அந்த நாணுக்கு வலிமை எங்கிருந்து வருகிறது? இக்கேள்விக்கான விடையில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. நாண், நார், குருத்தெலும்பு, எலும்பு நான்குக்கும் பொதுவான புரதம் கொலாஜன். நம் உடலிலுள்ள புரதங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு மேல் அதுவே. 1952-இல் சென்னைக்கு வருகை தந்த பிரிட்டிஷ் அறிஞர் பெர்னால் இப்புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று கூற, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி.என். இராமச்சந்திரன் அதை ஆராய முனைந்தார். கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954-இல் ‘நேச்சர்’ இதழில் அவர் வெளியிட்ட ஆய்வு, கொலாஜன் மூன்று சங்கிலிகள் முறுக்கிய கயிறு என்பதை உலகுக்கு அறிவித்தது. அடுத்த ஆண்டு ரிச், கிரிக் என்னும் இரு அறிஞர்கள் அந்த மாதிரியின் ஒரு பகுதியைத் திருத்தினர். மூன்று சங்கிலி முறுக்கு என்னும் அடிப்படை மட்டும் நிலைத்து நின்றது.

வில்லின் நாணைப் பார்த்து ‘வதர்’ என்று பெயரிட்ட முன்னோர், உண்மையிலேயே அது முறுக்கிய கயிறுதான் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. பெயர் பொருத்தமாக அமைந்தது; அதை மெய்ப்பிக்கும் கருவி பின்னர் வந்தது.

எவ்வாறு வாசிப்பது?

நம் அறிவு மரபைப் பற்றிப் பேசும்போது இரு எல்லைகளில் நின்று பேசுவோர் உண்டு. கிரேக்கரின் நூல்களைக் காத்துவைத்ததைத் தவிர முஸ்லிம்கள் எதுவும் செய்யவில்லை என்பது ஓர் எல்லை. இன்றைய அறிவியல் அனைத்தும் நம் ஏடுகளில் முன்பே இருந்தன என்பது மற்றோர் எல்லை. மூட்டுகளின் வரலாறு இரண்டையும் மறுக்கிறது. சொற்களைத் தெளிவாக்கியதும், வகைப்படுத்தியதும், சிகிச்சையை வளர்த்ததும், ஒரு தருணத்தில் ஆசிரியரையே மறுத்ததும் சாதாரணப் பணிகள் அல்ல. அதே நேரத்தில் ஜாலீனூஸின் பெருந்தவறு ஒன்றை எழுத்துப் பிசகாமல் கடத்தியதும் அதே மரபுதான்.

மனிதன் 360 மூட்டுகளோடு படைக்கப்பட்டுள்ளான் என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. இறைவனைத் துதிப்பதும், மக்கள் நடக்கும் பாதையிலிருந்து கல்லையும் முள்ளையும் அகற்றுவதும், நன்மையை ஏவுவதும் அந்த மூட்டுகளின் எண்ணிக்கைக்கு ஈடாகச் செய்யத்தக்க நற்செயல்கள் என்று அது விளக்குகிறது. இவ்வெண்ணிக்கையை உடற்கூற்று நூல்களோடு பொருத்திக் காட்டச் சிலர் இன்று பெரிதும் முயல்கிறார்கள். மூட்டு என்று எதைக் கொள்வது என்பதற்கேற்ப அறிவியலின் எண்ணிக்கையே மாறும். எலும்புகளை எண்ணிய இப்னு ஸீனா தம் கணக்கை எந்த அறிவிப்போடும் பொருத்திக் காட்ட முற்படவில்லை. அந்த ஹதீஸ் நம்மிடம் கேட்பது கணக்கை அன்று. அசையும் ஒவ்வொரு மூட்டுக்கும் ஈடாக ஒரு நற்செயலை.

நம்மிடையே யுனானி மருத்துவர்கள் இன்றும் மூட்டு வலியை ‘வஜவுல் மஃபாஸில்’ என்றே அழைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகள் பழமையான அச்சொல்லைக் காப்பது நன்று. அதைவிட நன்று, அல்மக்ஸ் குன்றில் நின்ற ஆசிரியரின் வழியைக் காப்பது: பெரியவர்களை மதித்து, அவர்கள் நூலைக் கற்று, பின்னர் எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதி, ஐயமுள்ள இடத்தில் ஐயம் என்றே குறிப்பது.